தலைக்கவசமும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற நாள் ஜூன் 12. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் சிவில் முடித்த பையன்களும் பெண்களும் புது ஷூ மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு சைட்டில் போய் நிற்கிறார்கள். தண்ணீருக்காவது கல்லணைக்குப் போய், அங்கிருந்து எந்த ஆற்றில் பிரிய வேண்டும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு அதுகூட யாரும் சொல்வதில்லை!

தஞ்சாவூரைச் சுற்றி சிவில் படிக்க இடத்துக்குப் பஞ்சம் இல்லை. வல்லம், செங்கிப்பட்டி, திருமலைசமுத்திரம் என்று பஸ் ஏறினால் வரிசையாகக் கல்லூரிகள். வல்லத்தில் 1988-ல் தொடங்கியது பெண்களுக்காகவே ஆரம்பித்த பொறியியல் கல்லூரி. நான்கு வருடம் படித்து, பீமுக்கும் தூணுக்கும் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு, செமினார் கொடுத்து, கடைசியில் சைட்டுக்குப் போன முதல் நாள் மேஸ்திரி கேட்கிற கேள்வி: "சார், கவர் எவ்வளவு வைக்கறது?"

சார் முழிப்பார். தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்று பரீட்சையில் எழுதியவர்தான். ஆனால் அந்தக் கேள்வி இப்படி, லுங்கி கட்டிய ஒருவர் வாயிலிருந்து, வெயிலில் வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இது ஒன்றும் பெரிய குற்றமில்லை. ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சைட்டுக்குப் போகிறவர்களுக்கு வீட்டிலும் கல்லூரியிலும் சொல்கிற அறிவுரைகளும் தப்பில்லை. சீக்கிரம் போ, செல்லை நோண்டாதே, மேஸ்திரியை மதி, எல்லாரிடமும் கற்றுக்கொள். எல்லாம் சரி. ஆனால் முக்கியமான ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. அது கையெழுத்து.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சைட்டில் ஆளுக்குப் பஞ்சம் வந்தாலும் காகிதத்துக்குப் பஞ்சம் வராது. கம்பி சரிபார்த்ததாக ஒரு தாள், காங்கிரீட் போட அனுமதி என்று ஒரு தாள், கியூப் பரிசோதனைக்கு ஒரு தாள், லாரி லோடு இறங்கியதற்கு ஒரு சீட்டு, ஆள் கணக்கு, வாரச் சம்பளப் பட்டியல், காண்டிராக்டர் பில். ஒவ்வொன்றின் அடியிலும் கோடு போட்டு 'சைட் இன்ஜினியர்' என்று அச்சடித்திருக்கும். பெரிய இன்ஜினியர் கும்பகோணத்தில் இன்னொரு சைட்டில் இருப்பார். முதலாளி சென்னையில் இருப்பார். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் பேனாவோடு நிற்பது யார் என்றால், போன மாதம்தான் ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்ட அதே பையன்.

"சும்மா போடு தம்பி, ஃபார்மாலிட்டிதான்" என்று சொல்லித்தான் முதல் கையெழுத்தை வாங்குவார்கள். ஃபார்மாலிட்டி என்றால் எதற்கு இவரிடம் கேட்க வேண்டும்? அவர்களே போட்டுக்கொள்ளலாமே! போட மாட்டார்கள். ஏன் என்று தெரிய 2014-க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம், நல்ல மழை. சென்னை போரூர் பக்கம் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள். இடிபாட்டில் சிக்கிச் செத்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். நீதிபதி ரெகுபதி தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். டி.வி.யில் எல்லாரும் பார்த்தோம், சில வினாடிதான். அதை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் இடிந்த சில நாட்களுக்குள் போலீஸ் பிடித்தவர்களில் கட்டுமான நிறுவனத்தை நடத்தியவர்கள் மட்டுமில்லை, சைட்டில் வேலை பார்த்த இன்ஜினியர்களும் இருந்தார்கள் என்பது பலருக்கு ஞாபகமில்லை. சிவில் படிக்கிறவர்களுக்காவது ஞாபகம் இருக்க வேண்டும்.

மண் பரிசோதனை சரியாக நடந்ததா, தூணின் அளவு போதுமா, காங்கிரீட் தரம் என்ன என்று விசாரணையில் கேட்ட கேள்விகள் எல்லாமே ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு தாளில் ஒருவர் கையெழுத்துப் போட்டு முடித்து வைத்த கேள்விகள்தான். கட்டடம் விழுந்த பிறகு அந்தத் தாள்கள் மட்டும் விழாமல் நிற்கும்.

ஆகவே புதிதாகப் போகிறவர் முதல் நாளே தனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொள்ளலாம். கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்து இல்லை. அவ்வளவுதான். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. செய்வது கஷ்டம். அதற்குப் பிறகு வருவோம்.

பார்த்ததற்கு மட்டும் கையெழுத்து என்றால், பார்த்ததை எழுதி வைக்க ஒரு நோட்டு வேண்டும். கம்பெனி கொடுக்கிற டைரி இல்லை. பொட்டிக் கடையில் கிடைக்கிற சாதாரண நாற்பது பக்க நோட்டு, சட்டைப் பையில் மடித்து வைக்கிற மாதிரி. தேதி, நேரம், எந்த இடம், என்ன பார்த்தது, யார் கூட இருந்தார்கள். பெரிய இன்ஜினியர் போனில் ஒன்று சொன்னால் அதையும், சொன்ன நேரத்தோடு. பொதுப்பணித்துறையில் எம்-புக் என்று ஒன்று உண்டு. அளந்ததை அளந்தவரே அந்த இடத்திலேயே பதிய வேண்டும், பக்கத்தைக் கிழிக்கக்கூடாது, எழுதியதை அழித்து எழுதக்கூடாது, தப்பானால் ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் அதன் பழைய விதிகள். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம் என்று சிரிக்க வேண்டாம். காமர்ஸில் பேரேடு என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அதே தர்மம்தான்.

இந்தக் கணக்குப் பக்கத்தைச் சிவில்காரர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். 'அது அக்கவுண்ட்ஸ் வேலை' என்பார்கள். ஆனால் ஒரு சைட்டில் தரம் போகிற வழியும் காசு போகிற வழியும் பெரும்பாலும் ஒரே வழிதான். மணலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பக்கம் மணல் ஆகட்டும், இப்போது அதன் இடத்தைப் பிடித்துவிட்ட எம்-சாண்ட் ஆகட்டும், யூனிட் கணக்கில் வருகிறது. ஒரு யூனிட் 100 கன அடி. லாரி பாடி 10 அடி நீளம், 6 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கம்பியை இறக்கிப் பார்த்தால் மூன்றரை அடி உயரம், ஆக 210 கன அடி என்று சீட்டு. மூலைகளில் இறக்கிப் பார்த்தால் மூன்றுக்குப் பக்கம் நிற்கும். மூன்று என்று கணக்குப் போட்டால் 180. சராசரி எடுக்காமல் கையெழுத்துப் போட்டவர், இல்லாத மணலுக்குக் காசு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

இதாவது நேரடி ஏமாற்று. ஈர மணல் இன்னும் சுவாரஸ்யம். லேசாக ஈரமான மணல் உப்பும். துகளைச் சுற்றித் தண்ணீர் படலம் நின்று ஒன்றையொன்று தள்ளி வைப்பதால், அதே மணல் 20, 25 சதவீதம் கூடுதல் இடம் பிடிக்கும், பொடி மணலாக இருந்தால் இன்னும் கூட. ஒரு பக்கெட்டில் ஈர மணலை நிரப்பி, மேலே தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டால் மட்டம் 'சர்'ரென்று இறங்கும். எத்தனை இறங்கியதோ அத்தனையும் காற்று! பணம் கொடுத்தது காற்றுக்கு. கலவையிலும் பாருங்கள்: ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்று சட்டியால் அளந்து போட்டால், ஈர மணல் கணக்கில் குறைவாகத்தான் விழுந்திருக்கும். ஒரே பக்கெட் சோதனை பில்லையும் திருத்தும், கலவையையும் திருத்தும்.

கம்பியும் அப்படித்தான். விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.889 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.67 கிலோ இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி இந்த அளவுக்கு 5 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. ஒரு மீட்டர் துண்டு வெட்டிப் பக்கத்து மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். எடை குறைந்த கம்பியை எண்ணிக்கைக் கணக்கில் வாங்கினால் காசு போகும். எடைக் கணக்கில் வாங்கினால் காசு போகாது, ஆனால் படத்தில் போட்டபடி எண்ணி வைக்கும்போது பலம் போகும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அக்கவுண்டண்ட் கண்ணில் அது படவே படாது. அதைப் பிடிக்க சைட்டில் நிற்கிற ஒருவரால்தான் முடியும்.

காங்கிரீட் போடுகிற நாளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அன்றைக்கு சைட்டில் ஒரு கல்யாணக் களை இருக்கும். மிக்ஸர் சத்தம், எல்லாரும் ஓட்டம், வீட்டுக்காரர் வடையும் டீயும் வாங்கி வருவார். இந்தக் கூத்தில்தான் தப்பு நடக்கும். பெரிய தப்பு தண்ணீர். கலவை கெட்டியாக இருந்தால் பரப்பக் கஷ்டம், அதனால் 'கொஞ்சம் லூஸ் பண்ணுப்பா' என்று ஒரு குரல் வரும், ஒரு குடம் உள்ளே போகும். எம் 20 கலவைக்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. ஒரு குடம் என்பது அந்தக் கணக்கில் எத்தனை பங்கு என்று போட்டுப் பாருங்கள். டீ குடிக்கப் போய் வந்த பிறகு இறுக ஆரம்பித்த கலவையில் தண்ணீர் தெளித்துத் திரும்பக் கிளறுவது அதைவிட மோசம். இந்த இரண்டையும் தடுக்க எந்தப் பட்டமும் வேண்டாம். மிக்ஸர் பக்கத்தில் ஒரு ஆள் நகராமல் நின்றால் போதும். அந்த ஆள் அநேகமாகப் புதுசாக வந்தவராகத்தான் இருப்பார், ஏனென்றால் மற்றவர்களுக்கு நிழல் தெரியும்.

கியூப் விஷயமும் இருக்கிறது. 40 கன மீட்டர் தளம் என்றால் நான்கு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப், மொத்தம் 12. இதில் நடக்கிற திருட்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான். கியூபுக்கு மட்டும் தனியாகச் சிமெண்ட் கூட்டிப் பிசைந்து வைத்துவிடுவார்கள். 28-ம் நாள் ரிசல்ட் பிரமாதமாக வரும், தளம் எப்படி இருந்தாலும் சரி. படிக்கிற காலத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதி மார்க் வாங்கிய மாதிரி. அது அவனோடு போயிற்று, இது தலைக்கு மேல் நிற்கும்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது மேஸ்திரியிடமும் கொத்தனாரிடமும் இருக்கிறது. இங்கே ஒரு பழைய கதை சொன்னால் தப்பில்லை.

1821-ல் ஒரு பதினெட்டு வயதுப் பையன் இன்ஜினியராக மெட்ராஸுக்குக் கப்பலில் வந்து இறங்கினான். பெயர் ஆர்தர் காட்டன். இருபதுகளிலேயே அவனுக்குக் காவிரிப் பக்கம் வேலை கொடுத்தார்கள். அப்போது தஞ்சாவூர் ஜில்லாவுக்குப் பெரிய ஆபத்து, கொள்ளிடம். அதன் படுகை தாழ்ந்து தண்ணீரை எல்லாம் இழுத்துக்கொண்டது. காவிரிப் படுகையோ மண்ணேறி மேடாகிக்கொண்டிருந்தது. விட்டால் டெல்டா காய்ந்துவிடும். கொள்ளிடத்தின் தலையில் அணை கட்டலாம் என்றால் அடியில் பாறையே இல்லை, எத்தனை ஆழம் தோண்டினாலும் மணல். லண்டனில் படித்த படிப்பில் இதற்கு விடை இல்லை. விடை கொஞ்ச தூரத்தில் கல்லணையில் இருந்தது. மணல் மேல் பெருங்கற்களைப் போட்டு, களிமண்ணை இணைப்பாக வைத்துக் கட்டி, நூற்றாண்டுகளாக நிற்கிற அணை. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுவதை இந்த ஊர்ப் பழைய ஆட்களிடம்தான் கற்றுக்கொண்டோம் என்று காட்டன் பின்னாளில் எழுதியே வைத்தார். 1836-ல் முக்கொம்பு மேலணையும் அணைக்கரைக் கீழணையும் முடிந்தன. அதே பாடத்தைத்தான் அவர் கோதாவரிக்கும் கொண்டுபோனார்.

முக்கொம்பில் அந்த மேலணையின் 45 மதகுகளில் 9, 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. 182 வருடம் நின்ற கட்டுமானம். இப்போது அங்கே புதுக் கதவணை நிற்கிறது. அது எத்தனை வருடம் நிற்கும் என்று கேட்பது வம்பு. விட்டுவிடுவோம்.

காட்டன் கதையைச் சொன்னது வெள்ளைக்காரனைப் புகழ இல்லை. கம்பெனி அதிகாரியாக வந்த ஒருவன் தனக்குத் தெரியாததை ஊர் அணையைப் பார்த்துத் தெரிந்துகொண்டான், தெரிந்துகொண்டதை ஒப்புக்கொண்டான். இன்றைக்கு பி.இ. முடித்த கையோடு வருகிற சிலர், முப்பது வருடம் கரண்டி பிடித்த கொத்தனாரை "யோவ்" என்று கூப்பிடுகிறார்கள். "அண்ணே" என்று கூப்பிட்டால் குறைந்துபோக மாட்டார்கள். தூக்குக்குண்டு ஆடி நிற்கும் வரை பொறுத்துப் பார்ப்பது, ரசமட்டத்தைத் திருப்பி வைத்துச் சோதிப்பது, மூன்று நான்கு ஐந்து அளவில் நூல் பிடித்து மூலைமட்டம் பார்ப்பது, செங்கல்லைத் தட்டிச் சத்தத்தில் வேக்காடு சொல்வது எல்லாம் ஒரு மாதத்தில் அந்த அண்ணன் கற்றுக்கொடுத்துவிடுவார். அதற்காக அவர் சொல்வதெல்லாம் வேதம் என்றும் இல்லை. 'எங்க அப்பா காலத்துலேந்து இப்படித்தான் சார்' என்பார் முட்டுப் பலகையை நாலாம் நாள் பிரிக்கும்போது. அங்கே மட்டும் நோட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். நாலரை மீட்டர் வரை அகலமான தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14. ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21. மரியாதை வேறு, விட்டுக்கொடுப்பது வேறு.

அடுத்தது மண். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களை டெல்டா ஏமாற்றும். வல்லம் பக்கம் செம்மண்ணும் செம்புறாங்கல்லும், கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும். அங்கிருந்து கிழக்கே திருவாரூர், நாகப்பட்டினம் போகப் போகக் களி. பங்குனி சித்திரையில் வயல் வெடித்து, கை நுழைகிற விரிசல் விடுவதைப் பார்க்காதவர் இந்தப் பக்கம் யாருமில்லை. ஐப்பசியில் அதே மண் உப்பும். இந்த ஏறி இறங்குகிற மண் மேல் கோடையில் அஸ்திவாரம் போட்டுவிட்டு, அடுத்த வருடம் சுவரில் ஏன் படிக்கட்டு மாதிரி விரிசல் என்று வீட்டுக்காரர் கேட்டால் வாஸ்து பேசக்கூடாது. கடற்கரைப் பக்கம் இன்னொரு சங்கடம் போர்த் தண்ணீர். நாக்கில் வைத்தால் கரிக்கிற தண்ணீரில் கலவை போட்டால் கம்பி உள்ளேயே துரு ஏறும். கம்பி வைத்த காங்கிரீட்டுக்குக் கலக்கிற தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. பரிசோதிக்க ஆகிற செலவு ஒரு நாள் டீ வடைக் காசுக்கு மேல் பெரிதாக இராது.

காலண்டரும் இங்கே வேறு. வாய்க்கால், மதகு, சின்னப் பாலம் என்று தண்ணீர் ஓடுகிற இடத்து வேலை கிடைத்தால், மேட்டூரை வழக்கமாக மூடுகிற ஜனவரி 28-க்கும் திறக்கிற ஜூன் 12-க்கும் நடுவில் கிடைக்கிற நாலரை மாதம்தான் வேலை நாள். அந்தத் தேதியும் கல்லில் எழுதியது இல்லை. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் ஜூன் 12-ல் திறக்க முடியவில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மே மாதத்தில் திறந்த வருடம் பாதியில் நின்ற வேலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் தலைவலி. அப்புறம் ஆள். நடவு சமயத்தில் சித்தாள் வேலைக்கு வருகிற அக்காக்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். அதைப் புரிந்துகொள்ளாமல் 'பொறுப்பே இல்லை' என்று திட்டுவது, அவர்கள் நட்ட அரிசியைத் தின்றுகொண்டே திட்டுவது.

ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லியாக வேண்டும். ஆண் பெண் இருவருக்கும் சம வேலைக்குச் சம கூலி என்று 1976-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளப் பட்டியலைப் பார்த்தால் தெரியும் சட்டம் எங்கே நிற்கிறது என்று. புதிதாக வந்தவர் ஒரே நாளில் அதை மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பட்டியலிலும் அவர் கையெழுத்து இருக்கிறதே! எட்டுப் பேர் வந்த நாளில் பத்துப் பேர் பெயர் இருந்தாலும், கொடுத்தது ஒன்றும் எழுதியது ஒன்றுமாக இருந்தாலும், அவர் பெயரில்தான் நிற்கும். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. சைட்டில் எத்தனை பேருக்கு அதில் அட்டை இருக்கிறது என்று ஒரு சாப்பாட்டு நேரத்தில் விசாரித்து, இல்லாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தால், அடுத்த நாள் முதல் அந்த சைட்டில் அவர் பேச்சுக்கு இருக்கிற மரியாதையே வேறு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 'கீழே பார்', 'நில்', 'கரண்ட் இருக்கு' என்ற மூன்றையாவது அவர்கள் பாஷையில் முதல் வாரமே கற்றுக்கொள்ள வேண்டும். இந்தி எதிர்ப்பு, ஆதரவு எல்லாம் டீக்கடையில் பேசிக்கொள்ளலாம். மேலே இருந்து பலகை விழும்போது எந்த மொழி என்று பார்க்க நேரமில்லை. 2025 செப்டம்பர் 30-ல் எண்ணூர் அனல்மின் நிலைய வேலையில் சாரம் சரிந்து இறந்த 9 பேரும் வடக்கிலிருந்து வந்தவர்கள்தான்.

சாரத்தைவிட இங்கே அதிகம் கவனிக்காதது குழி. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சாய்வாக வெட்ட வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக்கூடாது. களிமண் நன்றாக நிற்கிற மாதிரி தெரியும். அதுதான் அதன் வஞ்சகம். ராத்திரி ஒரு மழை பெய்தால் காலையில் சத்தமில்லாமல் சரியும். ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். கழுத்து வரை புதைந்தவரை இழுத்து எடுக்கவே முடியாது, தோண்டித்தான் எடுக்க வேண்டும். அதற்குள் நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுவிடும். ஆகவே மழை பெய்த மறுநாள் காலையில், ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் அவர் குழியைச் சுற்றி ஒரு நடை நடந்து வர வேண்டும். மற்ற வேலை எல்லாம் அப்புறம்.

இப்போது அந்தக் கஷ்டமான விஷயம். முடியாது என்று சொன்னால் வேலை போய்விடுமே?

போகலாம். அதை மறைத்து அறிவுரை சொல்வது அயோக்கியத்தனம். கல்விக்கடன் தவணை இருக்கிறது, தங்கச்சி படிக்கிறாள், அப்பாவுக்குக் குறுவை போன வருடம் கைகொடுக்கவில்லை. இந்த நிலையில் இருக்கிற பையனிடம் 'நேர்மையாக இரு' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவனுக்குத் தேவை நேர்மை இல்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. முடியாது என்பதைச் சொல்லுகிற வழிதான் தேவை.

வழி இருக்கிறது. "போட மாட்டேன்" என்பதற்குப் பதில், பார்த்ததை மட்டும் எழுதிப் போடலாம். 'பி4 முதல் பி9 வரை தூண் கம்பி பார்த்தேன். மற்றவை பார்க்கவில்லை' என்று எழுதி அதன் கீழே கையெழுத்து. கியூப் வைக்கும்போது கூட இல்லை என்றால் 'தயாரிக்கும்போது உடன் இல்லை' என்று மூன்று வார்த்தை. பெரிய இன்ஜினியர் போனில் 'போட்டுடு' என்றால், "சரி சார், நீங்க சொன்னதா குறிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் செல்லுக்கே ஒரு செய்தி அனுப்பலாம்: 'நீங்கள் காலை 9.40-க்குச் சொன்னபடி, கம்பி சரிபார்க்காமல் காங்கிரீட் தொடங்கப்படுகிறது.' சண்டை இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. பத்துக்கு எட்டுத் தடவை அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த ஐந்தாவது நிமிடம் போன் வரும், 'இரு, நான் வந்து பாத்துட்டு ஆரம்பிக்கலாம்' என்று. மீதி இரண்டு தடவைக்கு விடை கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே வேறு வேலை தேடுவதுதான் புத்தி. தேடுகிற வரைக்கும் நோட்டு வீட்டில் இருக்கட்டும், சைட் ஷெட்டில் வேண்டாம்.

இதில் புதுப் பையனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அனுபவம் உள்ளவர் போட வேண்டிய கையெழுத்தை அனுபவம் இல்லாதவரிடம் தள்ளிவிடுகிற வழக்கம்தான் இங்கே வியாதி. ஆடிட்டர் படிப்பில் ஆர்ட்டிகிள் பையன் வவுச்சர் பார்ப்பான், டிக் அடிப்பான், ராத்திரி பகல் அலைவான். ஆனால் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்து ஆடிட்டருடையது. பையன் பார்த்தான் என்று ஆடிட்டர் தப்பிக்க முடியாது. கட்டடத்திலும் அப்படியே இருக்கட்டுமே. முதல் இரண்டு வருடம் புதியவர் பார்க்கட்டும், அளக்கட்டும், எழுதட்டும். காங்கிரீட் போட அனுமதி என்ற தாளில் மட்டும், குறைந்தது ஐந்து தளம் போட்டுப் பார்த்த ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும். வர நேரமில்லை என்றால் காங்கிரீட் நாளையைத் தள்ளி வைக்கட்டும். ஒரு நாள் மிக்ஸர் வாடகையும் ஆள் கூலியும் நஷ்டம்தான். அந்த நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஆள் கிடைக்கும். தளம் சரிந்தால் வருகிற நஷ்டத்தைக் கணக்குப் போட எந்தப் பேரேட்டிலும் தலைப்புக் கிடையாது.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த நகை, நிலம், விளக்கு எல்லாம் அணுஅணுவாக எழுதியிருக்கிறது. கணக்கர்களும் அதில் வருகிறார்கள். அந்தப் பெரும் பட்டியலுக்கு நடுவே 1010-ல் முடிந்த அந்த விமானத்தைக் கட்டிய தச்சரின் பெயரும் இருக்கிறது, குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று. பொறுப்பு யாருடையது என்பதில் அன்றைக்குச் சந்தேகமே இல்லை. பெருந்தச்சன் பெயரைத்தான் வெட்டினார்கள், நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் பெயரை இல்லை.

கடைசியாகத் தலைக்கவசம். பல சைட்டில் அது விருந்தாளி வரும்போது மட்டும் வெளியே வரும். கொடுக்கவில்லை என்றால் முதல் சம்பளத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து ஒன்று வாங்கிவிடலாம், கூடவே ஐந்து மீட்டர் டேப் ஒன்று. தஞ்சாவூர் வெயிலில் தலை வேகும், முடி கொட்டும், கொத்தனார் அண்ணன் கிண்டல் பண்ணுவார். பத்து நாள் பண்ணுவார். பதினோராம் நாள், "அந்தத் தொப்பி எங்க சார் வாங்குனீங்க, எவ்ளோ?" என்று கேட்பார். அப்போது விலையை மட்டும் சொல்லிவிட்டு நிற்காமல், அவருக்கும் சித்தாள் அக்காக்களுக்கும் சேர்த்து எத்தனை வேண்டும் என்று எண்ணி, நோட்டில் எழுதி, தேதி போட்டு முதலாளிக்கு அனுப்ப வேண்டும்.